காக்னிட்டிவ் ரேடியோ: அலைக்கற்றையைப் பகிரும்போது குறுக்கீட்டைக் கட்டுக்குள் வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வீட்டு வைஃபை ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸில் 100-ஆம் சேனலுக்கு மாற்றிப் பாருங்கள். சுமார் ஒரு நிமிடம் அந்த வைஃபை பெயர் போனில் தெரியவே தெரியாது. ரவுட்டர் பழுதாகிவிட்டதென்று அணைத்துப் போட்டால் மறுபடியும் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த 60 விநாடியும் அது சும்மா இருக்கவில்லை. அந்த அலைவரிசையில் ரேடார் ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. ஓடினால் வேறு சேனலுக்குப் போய்விடும். ‘காக்னிட்டிவ் ரேடியோ’ என்ற பெயர்ப்பலகை இல்லாமலே நம் வீட்டுக்குள் வந்துவிட்ட காக்னிட்டிவ் ரேடியோ அது.

அந்தப் பெயரை 1999-இல் ஜோசப் மிட்டோலாவும் ஜெரால்ட் மக்வயரும் ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள். சுற்றுச்சூழலை உணர்ந்து, காலியாக இருக்கும் இடத்தில் பேசி, உரிமைக்காரர் வந்ததும் விலகிக்கொள்ளும் ரேடியோ. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் அடியிலேயே கிடக்கிறது. நம் ரேடியோவுக்குக் கேட்பது எதிராளியின் டிரான்ஸ்மிட்டர். நம்மால் அடிபடுவதோ அவருடைய ரிசீவர். அந்த ரிசீவர் வாயே திறக்காது. எங்கே இருக்கிறது என்றும் சொல்லாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஊமை ரிசீவரை எப்படிக் காப்பது என்பதைப் பற்றியதுதான்.

பொறியியல் கல்லூரி மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட்களை நிறையப் பார்க்கிறேன். பாதிப் பேர் எனர்ஜி டிடெக்டர் (வரும் சக்தி ஒரு வரம்பைத் தாண்டினால் ‘ஆள் இருக்கிறார்’ என்று சொல்லும் நிரல்) ஒன்றை எழுதி, ஒரு வளைவரையைப் போட்டுவிட்டு, ‘குறுக்கீடு தீர்ந்தது’ என்று முடித்துவிடுகிறார்கள். அது முதல் கால்வாசிகூட இல்லை. அதனால் ஒரு நிஜ ஏற்பாட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: அமெரிக்காவின் சிபிஆர்எஸ் (சிட்டிசன்ஸ் பிராட்பேண்ட் ரேடியோ சர்வீஸ்). 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை மொத்தம் 150 மெகாஹெர்ட்ஸ். கடற்படைக் கப்பல்களின் ரேடார்கள் ஓடிக்கொண்டிருந்த இடம். 2015-இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி விதி வகுத்தது. 2020 ஜனவரியில் முழு வணிகப் பயன்பாட்டுக்குத் திறந்தது. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பெரிய கடற்படைத் தளம் இருக்கிறது. அதிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கிடங்கில் 20 சிறிய ரேடியோக்களை நாம் வைக்கப்போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: யாரைக் காக்கிறோம் என்று எழுதி வையுங்கள்

நிரல் எழுத உட்காரும் முன் ஒரு தாளில் மூன்று வரிசை போடுங்கள். சிபிஆர்எஸ்ஸில் அந்த மூன்றும் ஏற்கெனவே பிரிந்திருக்கின்றன. உச்சியில் கடற்படை ரேடாரும் சில செயற்கைக்கோள் தரை நிலையங்களும். நடுவில் ஏலத்தில் பணம் கட்டியவர்கள்; இவர்களுக்கு ஒரு மாவட்டத்தில் 10 மெகாஹெர்ட்ஸ் துண்டுகளாக அதிகபட்சம் ஏழு, அதாவது 70 மெகாஹெர்ட்ஸ். 2020 ஏலத்தில் சுமார் 458 கோடி டாலர் வந்தது. அடியில் பொது அணுக்கம். காசு கட்டாமல் வரலாம், ஆனால் யாரும் காக்கமாட்டார்கள். நம் கிடங்கு அடி வரிசையில்தான்.

ஒவ்வொரு வரிசைக்கும் நேராக, ரிசீவர் எங்கே இருக்கும், நிலையாக நிற்குமா நகருமா, எவ்வளவு குறுக்கீட்டைத் தாங்கும் என்று எண்ணாக எழுதுங்கள். ‘பாதிப்பு இல்லாமல்’ என்று எழுதினால் அது வேலைக்கு ஆகாது. நடுவரிசைக்காரரின் காப்புப் பகுதிக்குள் மொத்தக் குறுக்கீடு 10 மெகாஹெர்ட்ஸுக்கு −80 டிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்று விதி சொல்கிறது பாருங்கள், அந்த மாதிரி இருக்க வேண்டும். (டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து அளக்கும் டெசிபல். டெசிபலில் 10 கூடினால் சக்தி பத்து மடங்கு, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு.)

இரண்டாம் படி: காதை நம்புவதா, பதிவேட்டை நம்புவதா?

இந்தப் படியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கே தடுக்கி விழுந்தவர்கள்தான் அதிகம்.

காலியான டிவி சேனல்களில் புதிய கருவிகளை அனுமதிக்க 2008-இல் எஃப்சிசி முடிவெடுத்தபோது, கருவி −114 டிபிஎம் வரை கேட்டறிய வேண்டும் என்றது. டிஜிட்டல் டிவி ஓட சுமார் −84 டிபிஎம் போதும். அப்புறம் எதற்கு 30 டெசிபல் கூடுதல்? வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் டிவி ஆன்டெனாவுக்கு சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அதே தெருவில் ஒரு வீட்டின் தரைத்தளத்தில், இரண்டு சுவருக்குப் பின்னால் இருக்கும் நம் கருவிக்கு அது காதில் விழாது. ‘சேனல் காலி’ என்று நம்பி அது பேசத் தொடங்கினால் மாடிக்காரரின் டிவி கட்டம் கட்டமாக உடையும். மறைந்த முனைச் சிக்கல் என்பது இதுதான். அந்த 30 டெசிபல், சுவர்களுக்கும் உயரத்துக்கும் கொடுத்த விலை.

விலை எவ்வளவு கடுமையானது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறை வெப்பநிலையில் வெப்ப இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம். அமெரிக்க டிவி சேனலின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். மடக்கை எடுத்தால் 67.8 டெசிபல். கூட்டினால் −106.2. நம் ரிசீவர் தன் பங்குக்கு 6 டெசிபல் இரைச்சல் சேர்த்தால் −100.2 டிபிஎம். கேட்க வேண்டியதோ −114. அதாவது இரைச்சலுக்கும் கீழே 13.8 டெசிபல் ஆழத்தில் புதைந்திருக்கும் ஒன்றை ‘இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும்.

‘நிறைய நேரம் கேட்டால் போதாதா?’ என்று தோன்றும். எனர்ஜி டிடெக்டரில் சிக்னல் பாதியாகக் குறைந்தால் நேரம் நாலு மடங்காகும், அவ்வளவுதானே? இரைச்சலின் அளவு நமக்குத் துல்லியமாகத் தெரிந்தால் அது சரி. ஆனால் தெரியாது. சூடு ஏறினால் மாறும், பக்கத்தில் ஒரு மலிவான எல்இடி பல்பு எரிந்தால் மாறும். இரைச்சல் மதிப்பில் 1 டெசிபல் சந்தேகம் இருந்தாலே போதும், இரைச்சலோடு ஒப்பிட −3.3 டெசிபலுக்குக் கீழே இருக்கும் சிக்னலை எனர்ஜி டிடெக்டரால் நம்பகமாகப் பிடிக்கவே முடியாது. நாள் முழுக்கக் கேட்டாலும் முடியாது. ராகுல் தந்திராவும் அனந்த் சஹாயும் 2008-இல் இதை ‘எஸ்என்ஆர் சுவர்’ என்று நிறுவினார்கள் (எஸ்என்ஆர் என்பது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்). சந்தேகத்தை 0.5 டெசிபலாகக் குறைத்தாலும் சுவர் −6.4-இல்தான் நிற்கும். நமக்கு வேண்டியது −13.8.

சுவரைத் தாண்ட ஒரு வழி, சிக்னலின் அங்க அடையாளத்தைத் தேடுவது. அமெரிக்க டிஜிட்டல் டிவி சிக்னலில், சேனலின் கீழ் விளிம்பிலிருந்து சுமார் 309 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு பைலட் தொனி (மாறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஒற்றை அலை) உண்டு. மொத்தச் சக்தியைவிட 11.3 டெசிபல் குறைவு. அதைச் சுற்றி 10 கிலோஹெர்ட்ஸ் அகல வடிகட்டி போட்டால் இரைச்சல் 600-இல் ஒரு பங்காகும், 27.8 டெசிபல் இறங்கும். அந்த 11.3 டெசிபல் இழப்பைக் கழித்தால் 16.5 டெசிபல் லாபம். −13.8 என்பது +2.7 ஆகிறது, சுவர் பின்னால் போய்விட்டது. ஒரே குறை, அந்தக் குறுகிய இடத்திலேயே பலவழிப் பரவலால் (சுவர்களில் பட்டுப் பல வழியில் வரும் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால்) சிக்னல் மங்கிவிட்டால் பைலட்டும் காணாமல் போகும்.

இன்னொரு வழி, பலர் சேர்ந்து கேட்பது. ஐந்து ரேடியோக்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் உரிமைக்காரரைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 0.6, தவறாக அலறும் வாய்ப்பு 0.1 என்று வைப்போம். யாராவது ஒருவர் ‘இருக்கிறது’ என்றாலே விலகுவது என்றால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 0.99-க்குப் போகும். கூடவே தவறான அலறலும் 0.41-க்கு ஏறும், காலியான சேனலில்கூட ஐந்தில் இரண்டு பங்கு நேரம் வாயை மூடிக்கொண்டிருப்போம். பெரும்பான்மை முடிவு என்றால் அலறல் 0.01-க்கும் கீழே இறங்கும், ஆனால் கண்டுபிடிப்பும் 0.68-க்கு வந்துவிடும். எதைத் தேர்வது? முதல் படியில் எழுதிய தாளைப் பாருங்கள். எதிரே ரேடார் இருந்தால் முதல் விதி, தயக்கமே வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: மேலே போட்ட கணக்கு, ஐந்து ரேடியோக்களும் ஒன்றையொன்று சாராமல் கேட்கின்றன என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஐந்தையும் ஒரே கிடங்குக்குள் வைத்தால் ஒரே சுவர் ஐந்தின் காதையும் அடைக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் 0.99 வந்தது களத்தில் வராததற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

2010-இல் எஃப்சிசி தானே இறங்கிவந்தது. கருவி தான் இருக்கும் இடத்தை 50 மீட்டருக்குள் அறிந்து, நாளுக்கு ஒரு தடவையாவது ஒரு பதிவேட்டைக் கேட்டால் போதும் என்றது அப்போதைய விதி. தானே கேட்டறிவது கட்டாயமில்லை. டிவி கோபுரங்கள் நகராதே, அதனால் பதிவேடு ஒத்துவந்தது.

கப்பல் நகரும். எந்தக் கப்பல் எங்கே என்று கடற்படை பதிவேட்டில் எழுதவும் எழுதாது. அதனால் சிபிஆர்எஸ் இரண்டையும் கலந்தது. கடலோரம் நெடுக ரேடாரை மட்டும் கேட்கும் உணரிகள். அவை தகவல் சொல்வது எஸ்ஏஎஸ் என்ற மைய மேலாளருக்கு. அது நம் ரேடியோக்களுக்கு ஆணையிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உணரிகளின் காதில் நம் ரேடியோக்களின் சத்தம் விழக் கூடாது என்பதற்காக, உணரிகளைச் சுற்றி இருப்பவர்கள் கிசுகிசுக்கத்தான் அனுமதி. ரேடார் இல்லாத நாளிலும் அந்தப் பகுதியில் இந்தக் கட்டுப்பாடு உண்டு. கடலோரத்தில் திட்டமிடுகிறவர் இதை முதலிலேயே விசாரித்துவிட வேண்டும்.

ஆக, ஒரு கைவிதி: எதிராளி நகரமாட்டார் என்றால் பதிவேடு. நகர்வார், ஆனால் சத்தமாகப் பேசுவார் என்றால் உணரி. நகர்வார், மெதுவாகவும் பேசுவார் என்றால் (கம்பியில்லா மைக் அந்த ரகம்) அவரை முன்கூட்டிப் பதிவு செய்ய வைப்பதைத் தவிர நல்ல வழி இல்லை.

மூன்றாம் படி: சக்தியைப் பங்கு போடுங்கள்

கேட்டாயிற்று, பேசலாம் என்று முடிவும் ஆயிற்று. எவ்வளவு சத்தமாக? இந்தக் கணக்கை ரிசீவரிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். டிரான்ஸ்மிட்டரிலிருந்து தொடங்கினால் ஆசைதான் விடையாக வரும்.

காக்க வேண்டிய ரிசீவர் 10 மெகாஹெர்ட்ஸ் அகலமும், 5 டெசிபல் சொந்த இரைச்சலும் உள்ளது என்று வைப்போம். −174, அதோடு 70, அதோடு 5. ஆக −99 டிபிஎம். நம் குறுக்கீடு இதைவிட 6 டெசிபல் கீழே இருந்தால் அவருக்கு இரைச்சல் 1 டெசிபல்தான் ஏறும். எனவே எல்லை −105 டிபிஎம். விதி சொல்லும் −80-ஐவிட இது மிகக் கடுமை. பயிற்சிக்குக் கடுமையாகவே வைப்போம்.

இப்போது முக்கியமான இடம். நம்மிடம் 20 ரேடியோக்கள். −105 என்பது எல்லோருக்குமான மொத்தப் பை. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 13 டெசிபல் குறைந்து −118 டிபிஎம். ஒவ்வொரு கருவியும் ‘நான் தனியாக −105-க்குள்தான் இருக்கிறேன்’ என்று நினைத்தால், இருபதும் சேர்ந்து 20 மடங்கு மீறியிருக்கும். ஒவ்வொருவரும் யோக்கியர், மொத்தத்தில் குற்றம்! எஃப்சிசி 2003-இல் முன்வைத்த ‘குறுக்கீட்டு வெப்பநிலை’ என்ற கருத்தும் இங்கேதான் மாட்டிக்கொண்டது. ரிசீவர் இருக்கும் இடத்தில் மொத்த அளவை யார் அளப்பது, அதை ஒவ்வொரு கருவிக்கும் யார் சொல்வது என்பதற்கு நடைமுறை விடை கிடைக்காமல் 2007-இல் அதைக் கைவிட்டார்கள். மையத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் எஸ்ஏஎஸ் போன்ற ஒன்று வந்த பிறகுதான் மொத்தப் பையைப் பங்கு போட முடிந்தது. பல நிறுவனங்கள் எஸ்ஏஎஸ் நடத்துவதால், அவை ஒவ்வொரு இரவும் தங்களுக்குள் விவரம் பரிமாறிக்கொண்டு கணக்கை ஒத்துப்பார்க்கின்றன. கடைக்காரர்கள் இரவில் கல்லாவைச் சரிபார்ப்பது மாதிரி.

அடுத்தது வழியிழப்பு, அதாவது தூரம் போகப் போக சிக்னல் இழக்கும் சக்தி. 3600 மெகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டருக்கு வெட்டவெளி இழப்பு 103.6 டெசிபல். 30 டிபிஎம், அதாவது 1 வாட் வெளியிடும் ஒரே ஒரு கருவி −105 எல்லைக்குள் வர எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? வெட்டவெளிச் சூத்திரப்படி 37 கிலோமீட்டர். முதல் கிலோமீட்டருக்கு அப்பால், கட்டடங்கள் நிறைந்த இடத்துக்கு ஏற்றபடி தூரம் பத்து மடங்கானால் 35 டெசிபல் இழப்பு என்று வைத்தால் 8 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கருவி அதேதான், எல்லையும் அதேதான். நாம் நம்பும் பரவல் மாதிரி மட்டும் மாறியது. குறுக்கீட்டுச் சண்டைகள் பலவற்றின் வேர் இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. எனவே நிலத்தின் மேடுபள்ளத்தைக் கணக்கில் எடுக்கும் மாதிரியைப் பயன்படுத்துங்கள். எதைப் பயன்படுத்தினீர்கள் என்று அறிக்கையில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நம் கிடங்கு அந்த ரிசீவரிலிருந்து 5 கிலோமீட்டரில் இருந்தால் இழப்பு 128.1 டெசிபல். ஒரே ரேடியோ என்றால் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட் வெளியிடலாம். இருபது என்றால் ஆளுக்கு 10 டிபிஎம், வெறும் 10 மில்லிவாட். சமப்பங்கு நியாயமாகத் தோன்றினாலும் புத்திசாலித்தனமல்ல. கிடங்கின் மறுபக்கம், கான்கிரீட் சுவருக்குப் பின்னால் இருக்கும் ரேடியோ தன் பங்கைத் தொடக்கூட மாட்டாது. அதன் மிச்சத்தை வாசல் பக்கம் இருப்பதற்குக் கொடுங்கள். ஆன்டெனாவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ப்பது, திசையைத் திருப்புவது போன்றவை மென்பொருளைவிட மலிவாக நாலைந்து டெசிபலைச் சேமித்துத் தரும். அதைக் கடைசியில் யோசிக்காமல் முதலில் யோசியுங்கள்.

நான்காம் படி: எழுந்து போகும் நேரம்

காலி இருக்கையில் உட்கார்வது சுலபம். டிக்கெட்காரர் வந்ததும் எவ்வளவு சீக்கிரம் எழுகிறோம் என்பதில்தான் விஷயம். வைஃபையின் ரேடார் விதியில் நேரங்கள் தெளிவு: ரேடார் தென்பட்டால் 10 விநாடிக்குள் வெளியேற வேண்டும், 30 நிமிடம் அந்தச் சேனல் பக்கம் தலைவைக்கக் கூடாது. டிவி சேனல்களுக்காக 2011-இல் வெளிவந்த ஐட்ரிபிள்ஈ 802.22 தரம், உரிமைக்காரரை 2 விநாடிக்குள் கண்டறியச் சொல்கிறது. அதற்காக வலைப்பின்னல் முழுவதும் ஒரே நேரத்தில் மௌனமாகும் இடைவெளிகளை வைத்தது. அந்த மௌனம் இல்லையென்றால் நம் பக்கத்து ரேடியோவின் பேச்சே நம் காதை அடைத்துவிடும்.

சிபிஆர்எஸ்ஸில் நம் ரேடியோ எஸ்ஏஎஸ்ஸிடம் அனுமதி வாங்கியபின் இதயத்துடிப்பு போல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். நம் கிடங்கு போன்ற கடலோர இடத்தில் ஒவ்வொரு பதிலிலும் அதிகபட்சம் 240 விநாடிக்கான ஒரு காலாவதி நேரம் வரும். பதில் வராவிட்டால், காலாவதியாகி 60 விநாடிக்குள் ஒலிபரப்பு நிற்க வேண்டும். இந்த அமைப்பு எனக்குப் பிடிக்கும். ‘நிறுத்து’ என்ற செய்தி வந்தால்தான் நிற்பேன் என்று இருந்தால், இணைப்பு அறுந்த நாளில் அந்தச் செய்தியே வராது. இங்கே ‘தொடரலாம்’ என்ற செய்தி வராததே நிறுத்தச் சொல்லும் குறி. நீங்கள் எழுதும் நிரலிலும் இப்படியே செய்யுங்கள்.

நேர விதி தாளில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு போர்ட்டோ ரிக்கோ சாட்சி. 2009-இல் சான் ஹுவான் விமான நிலையத்தின் வானிலை ரேடார் குறுக்கீட்டால் தடுமாறியது. 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை அது ஓடும் இடம். தேடிப் பார்த்தபோது, உரிமம் தேவையில்லாத வெளிப்புற வைஃபை வகைக் கருவிகள் சிக்கின. சிலவற்றில் ரேடாரைக் கண்டு விலகும் வசதி இயக்கப்படாமலே இருந்தது. 2014-இல் எஃப்சிசி விதியை மாற்றியபோது, பயன்படுத்துபவர் தன் இஷ்டத்துக்கு இந்த வசதியை முடக்க முடியாதபடி மென்பொருளைப் பூட்டச் சொன்னது. ‘இன்ஸ்டால் பண்ற தம்பி அந்த டிக் மார்க்கை எடுத்துட்டா என்ன ஆகும்?’ என்பதை உங்கள் வடிவமைப்புக் கூட்டத்தில் ஒருவர் கேட்டாக வேண்டும்.

ஐந்தாம் படி: பக்கத்துச் சேனல்

சுருக்கமாக. நம் டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் கசியும். எதிராளியின் ரிசீவரும் பக்கத்திலிருந்து உள்ளே இழுக்கும். முதலாவதை வடிகட்டி போட்டு நாமே சரிசெய்யலாம். இரண்டாவது நம் கையில் இல்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் 5ஜி தொடங்கும்போது விமானங்களின் உயரமானிகளைப் பற்றி எழுந்த கலவரம் நினைவிருக்கலாம். 5ஜிக்குக் கொடுத்த பட்டையின் மேல் முனை 3980 மெகாஹெர்ட்ஸ், உயரமானி தொடங்குவது 4200-இல். நடுவில் 220 மெகாஹெர்ட்ஸ் காலி இருந்தும் பழைய உயரமானிகளின் வடிகட்டி பற்றி அச்சம் எழுந்தது. எனவே முதல் படியின் தாளில் பக்கத்துப் பட்டைக்காரருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

ஆறாம் படி: நம்மைப் போன்ற மற்றவர்கள்

அடி வரிசையில் நாம் மட்டுமா இருக்கிறோம்? ஏலக்காரர்கள் 70 மெகாஹெர்ட்ஸையும் எடுத்துக்கொண்டால் நமக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் மிஞ்சுவது 80. எஸ்ஏஎஸ், யாருக்கும் யாருக்கும் ஒத்துப்போகாது என்று ஒரு வரைபடம் போட்டு, முடிந்தவரை வேறு வேறு துண்டு கொடுக்கப் பார்க்கும். உறுதி எதுவும் கிடையாது.

ஒரே துண்டில் மாட்டிக்கொண்டால் முதலில் பார்க்க வேண்டியது நேர ஒழுங்கு. ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பிப் பெறும் முறையில், நாம் அனுப்பும் நேரத்தில் அடுத்தவர் பெற்றுக்கொண்டிருந்தால், உயரத்தில் இருக்கும் நம் ஆன்டெனா அவருடைய ஆன்டெனாவுக்குள் நேராகக் கொட்டும். இருவரும் ஜிபிஎஸ் கடிகாரத்துக்கு ஒத்து, ஒரே அனுப்பு-பெறு வரிசையை வைத்தால் இந்த மோதல் போய்விடும். விளையாட்டுக் கோட்பாட்டை வைத்து இதற்குக் குவியல் குவியலாகக் கட்டுரைகள் உண்டு. பக்கத்துக் கட்டடத்துக்காரருக்குப் போன் போட்டு ஒரே வரிசைக்கு ஒப்புக்கொள்ள வைப்பது அவற்றில் பலவற்றைவிட வேகமாக வேலை செய்யும்.

ஏழாம் படி: மேசைமேல் சோதனை

மலிவான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சிறிய ரேடியோ ரிசீவர்) ஒன்று போதும். சுமார் 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும் என்பதால் 3.5 கிகாஹெர்ட்ஸ் கனவு வேண்டாம். எஃப்எம் பட்டையே நல்ல பள்ளிக்கூடம். சிக்னலைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் தானியங்கிப் பெருக்கத்தை (ஏஜிசி) முதலில் அணையுங்கள். அது இயங்கினால் நீங்கள் அளப்பது அதன் மனநிலையைத்தான். ஸ்டேஷன் இல்லாத ஒரு இடத்தில் நிறுத்தி, டாங்கிள் சில்லென்று இருக்கும்போது இரைச்சலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அரைமணி கழித்து, தொட்டால் சுடும் நிலையில் மறுபடி அளக்கவும். அப்புறம் பக்கத்தில் ஒரு போன் சார்ஜரைச் செருகி இன்னொரு தடவை. மூன்று எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம்தான் உங்கள் வீட்டு எஸ்என்ஆர் சுவரை எழுப்பும் இரைச்சல் சந்தேகம். அதை வைத்து வரம்பைத் தீர்மானித்தால், பாடப்புத்தக வளைவரையிலிருந்து உங்கள் வளைவரை எவ்வளவு விலகும் என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

அனுப்பிப் பார்க்க ஆசை வந்தால் ஆன்டெனா மாட்டாதீர்கள். உரிமம் தேவைப்படும் அலைவரிசையில் அது இல்லாமல் காற்றில் அனுப்புவது சட்டவிரோதம். அனுப்பும் கருவியையும் பெறும் கருவியையும் கேபிளால் இணைத்து, நடுவில் 60 டெசிபல் அளவுக்கு அட்டென்யூவேட்டர் (சிக்னலைத் தணிக்கும் கருவி) போடுங்கள். அது இல்லாமல் நேராக இணைத்தால் டாங்கிள் முதல் நாளே செத்துப்போகலாம்.

கண்டுபிடிக்கும் வாய்ப்பு, தவறான அலறல், மொத்தக் குறுக்கீடு எல்லாம் அளந்த பின் கடைசியாக ஒன்று. மேலாளர் நிரலுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் இருக்கும் லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கையில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொள்ளுங்கள். சிபிஆர்எஸ் கணக்குப்படி 240-உம் 60-உம் சேர்ந்து 300 விநாடி. 301-ஆவது விநாடியிலும் ஸ்பெக்ட்ரம் திரையில் அந்த மேடு நின்றுகொண்டிருந்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள்.